ஊட்டிக்கு எத்தனை யூனிட்?

சென்னையிலிருந்து சேலம், அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி ஏறத்தாழ 550 கிலோமீட்டர். டீசல் வண்டி இருந்தவரைக்கும் இதை நாங்கள் மணிக்கணக்கில்தான் சொல்வோம். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாடு மேட்டுப்பாளையத்தில், மூன்றரைக்கெல்லாம் ஊட்டி. பச்சை நம்பர் பிளேட் மின்சார வண்டி வந்ததும் பேச்சு மாறிவிட்டது. ஆத்தூருக்கு எத்தனை யூனிட், மலை ஏற எத்தனை, இறங்கும்போது எவ்வளவு திரும்ப வரும் என்று என் மனைவி பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்துவிட்டாள். அம்மாவுக்குக்கூட இப்போது யூனிட் கணக்கு அத்துப்படி.

யூனிட் என்றால் நம் வீட்டு இபி மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். எங்களுடைய நெக்ஸான் ஈவியின் பேட்டரியில் 45 யூனிட் நிற்கும். ஒருமுறை முழுக்க ஏற்றினால் 489 கிலோமீட்டர் என்று கம்பெனி போட்டிருப்பது சோதனைக்கூடக் கணக்கு. பல்லாவரம், கிண்டி, அண்ணா சாலை என்று ஊருக்குள் நின்று நின்று போனால் 340, 350 வருகிறது. நெடுஞ்சாலையில் ஏசி போட்டுக்கொண்டு நூறில் போனால் 290 தாண்டாது. பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். அவர்களுக்கு ஊருக்குள்தான் மைலேஜ் அடிவாங்கும். மின்சார வண்டி சிக்னலில் நிற்கும்போது ஏசிக்குத் தவிரப் பெரிதாக எதையும் குடிப்பதில்லை, பிரேக் போடும்போது கொஞ்சத்தைத் திருப்பியும் எடுத்துக்கொள்கிறது. வேகமாகப் போனால் காற்று பிடித்து இழுக்கிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 80-இலிருந்து 100-க்குப் போனால் அந்த இழுவை ஒன்றரை மடங்குக்கு மேல். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த இயற்பியலை மீட்டரில் ஓடவிட்டுப் பார்ப்பது இந்த வண்டியில்தான்.

ஆனால் ஊட்டிக்கு முன்னால் குரோம்பேட்டையைத் தாண்ட வேண்டியிருந்தது. எங்களுடையது அடுக்குமாடிக் குடியிருப்பு. மீட்டர் பலகை படிக்கட்டுக்கு அடியில், என் பார்க்கிங் பின்மூலையில். நடுவில் ஒயர் இழுக்க அசோசியேஷன் சம்மதம் வேண்டும். கூட்டத்தில் முதல் கேள்வி, தீப்பிடித்தால் யார் பொறுப்பு? இரண்டாவது, 2015 மாதிரி வெள்ளம் வந்தால்? இரண்டும் நியாயமான கேள்விகள்தான். இந்த வண்டியில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி, மற்ற லித்தியம் வகைகளைவிடச் சூட்டைத் தாங்கும் என்று சொன்னேன். வெள்ளத்துக்காக பிளக் பாயின்ட்டை நெஞ்சு உயரத்தில் வைத்து, தனி எம்சிபியும், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபியும் போட்டுத் தருவதாக எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் மாடிக்காரர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது அவர் மகன் மின்சார ஸ்கூட்டர் வாங்கிவிட்டு அதே பாயின்ட்டைக் கேட்கிறான்.

ஒயர் விஷயத்தில் எலக்ட்ரீஷியன் சொன்னதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம். பழைய ஏசி ஒயர் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது, அதையே போடலாமே என்றேன். “அது டூ பாயின்ட் ஃபைவ் சார். ஏசி மாதிரி இது விட்டு விட்டு ஓடாது. விடிய விடிய ஒரே இழுவையா இழுக்கும். ஃபோர் ஸ்கொயர் வாங்கிடுங்க, இல்லன்னா பைப்புக்குள்ளயே வெந்துடும்” என்றார். 16 ஆம்பியர் பாயின்ட்டில் மணிக்கு மூன்று யூனிட்போல ஏறும். காலி பேட்டரி நிரம்ப ஒரு ராத்திரியும் ஒரு காலையும் ஆகும். ஆனால் தினமும் காலியாகி வந்தால்தானே? ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு மூன்று நான்கு நாளைக்கு ஒரு ராத்திரி போதும். சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் பெட்டிக்கு மின்வாரியத்தில் லோடு கூட்ட வேண்டும், பெரும்பாலும் மூன்று ஃபேஸுக்கு மாற வேண்டும். அந்தச் செலவு எனக்குத் தேவையாகப் படவில்லை.

இபி பில்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதக் கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். அதற்குமேல் படிக்கட்டு மாதிரி ஏறும். 2024 ஜூலை கட்டணப்படி 500-ஐத் தாண்டினால் யூனிட் 8.55 ரூபாய், 600 தாண்டினால் 9.65, 1000 தாண்டினால் 11.80. வீட்டுச் செலவே 500-ஐ ஒட்டி இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு, காருக்குப் போகும் யூனிட் முழுக்க மேல்படியில்தான் விழுகிறது. அப்படி விழுந்தும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள் அடங்குகிறது. டீசலில் ஐந்தரை, ஆறு ஆகிக்கொண்டிருந்தது.

சித்திரை வெயிலுக்கு முன்னால் ஒருமுறை மலைக்குப் போய்விட்டு வரலாம் என்று அம்மா சொன்னதில் கிளம்பினோம். திண்டிவனம் தாண்டி விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வரை பயமில்லாத சாலை. உளுந்தூர்பேட்டையில் சேலம் பக்கம் திரும்பினால் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர். இன்னும் 30 சதவீதம் மீதி இருந்தது, ஆத்தூர் போய்விடலாம்தான். ஆனால் 7 சதவீதத்தோடு ராத்திரியில் ஒரு ஊருக்குள் நுழைய யாருக்கும் மனசு வராது. சாலையோரம் ஒரு சாப்பாட்டுக் கடை வளாகத்தில் 60 கிலோவாட் டிசி சார்ஜர் இருப்பதாக ஆப் காட்டியது. ‘காலியாக இருக்கிறது’ என்று பச்சைப் புள்ளி வேறு.

போய்ப் பார்த்தால் மெஷின் திரை இருட்டு. அதற்கு முன்னால் ஒரு டீசல் இன்னோவா நிழலுக்கு நிறுத்தப்பட்டிருந்தது. ஒட்டியிருந்த உதவி எண்ணில் இந்தி, ஆங்கிலம் என்று பட்டன் அமுக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். வாட்ச்மேன் பெரியவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, எழுந்து வந்து மெஷினின் பக்கவாட்டில் காளான் மாதிரி இருந்த சிவப்புப் பட்டனை வலப்பக்கமாக ஒரு திருகு திருகினார். டொக்கென்று வெளியே வந்தது. ஒரு நிமிடத்தில் திரை எரிந்தது. “சாப்பிட வர்ற பசங்க இத அமுக்கி வெச்சிட்டுப் போயிடுதுங்க சார். ஆபத்துக்குன்னு வெச்ச பட்டனாம். எத்தன பேரு மிஷின் ரிப்பேருன்னு திரும்பிப் போயிட்டாங்க தெரியுமா?” இன்னோவாக்காரரையும் அவரே எழுப்பி நகர்த்தச் சொன்னார்.

நம் நாட்டு நெடுஞ்சாலை சார்ஜிங்கின் நிலைமை எனக்கு அந்த ஒரு திருகில் விளங்கியது. மெஷின் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, பணம் வாங்க ஆப் இருக்கிறது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பெட்ரோல் பங்கில் வண்டி நின்றதும் ஜீரோ பார்க்கச் சொல்லி ஒருவர் வருகிறார். இங்கே இதற்கென்று சம்பளம் வாங்காத ஒரு பெரியவரின் நல்ல மனசில் ஓடுகிறது. நான் இருபது ரூபாய் நீட்டினேன், வாங்க மறுத்து, அந்த ஆப்காரர்களிடம் தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். தானாக வரும் பதில் ஒன்று வந்தது.

துப்பாக்கி என்று எல்லோரும் சொல்லும் அந்த சிசிஎஸ்-2 கன் நல்ல கனம். கேபிள் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கும். சரியாக உட்கார்ந்தால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும், அரைகுறையாக மாட்டினால் பணம் மட்டும் ஆப்பில் பிடித்துவைக்கப்படும். நாற்பது கிலோவாட்டுக்கு மேல் நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு வண்டி வந்து இரண்டாவது கன்னை மாட்டியதும் சட்டென்று 30-க்கு இறங்கிவிட்டது. அறுபது என்பது இரண்டு கன்னுக்கும் சேர்த்து என்பதை எங்கேயும் எழுதிவைப்பதில்லை. அந்த வண்டிக்காரர் கோயம்புத்தூர் பக்கத்து டாக்டர். என்னென்ன ஆப் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். மின்சார வண்டிக்காரர்கள் சந்தித்தால் ஊர் பேர் கேட்பதற்கு முன் இதைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு ஆப், ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே போட்ட ஐந்நூறு ரூபாய், அதில் முடங்கிக் கிடக்கும் எழுபது, எண்பது. யுபிஐ கண்டுபிடித்த நாட்டில் மின்சாரத்துக்கு மட்டும் ஏன் இத்தனை உண்டியல் என்று அவருக்குக் கோபம். எனக்கும்தான்.

எண்பது சதவீதத்தில் கன்னைக் கழற்றிவிட்டேன். அதற்குமேல் பேட்டரி மெல்லத்தான் குடிக்கும். கடைசி இருபதுக்கு ஆகும் நேரத்தில் அடுத்த ஊருக்கே போய்விடலாம். நாங்கள் நின்ற அரைமணி சொச்சத்தில் அம்மா கால் நீட்டி நடந்தாள், காபி குடித்தாள், பாத்ரூம் போய்வந்தாள். வயதானவர்களோடு போகிற வண்டி இரண்டரை மணிக்கொருமுறை எப்படியும் நிற்கத்தான் வேண்டும். ‘நடுவில் நிற்க வேண்டியிருக்குமே’ என்று மின்சார வண்டியைக் குறை சொல்கிறவர்கள் பெரும்பாலும் தனியாக ஓட்டுகிறவர்கள்.

ராத்திரி ஆத்தூருக்குப் பக்கத்தில் சித்தப்பா வீடு. தோட்டத்து வீடு, முன்னால் களம், பின்னால் கிணறு. என் கையோடு கொண்டுபோகும் சார்ஜரைத் திண்ணையில் இருந்த பெரிய பிளக்கில் மாட்டினேன். சிவப்பு விளக்கு. எர்த் இல்லை என்று அர்த்தம். வீட்டில் ஃபேன், டிவி, கிரைண்டர் எல்லாம் ஓடுகிறது, இந்தச் சார்ஜர் மட்டும் ஏற்காது. எர்த் சரியில்லை என்றால் ஒரு யூனிட்கூட எடுக்காமல் அடம்பிடிக்கும். அது நல்லதற்குத்தான் என்றாலும் ராத்திரி ஒன்பது மணிக்கு அப்படித் தோன்றாது.

“ஏன் கண்ணு, மோட்டார் கொட்டாயில மாட்டிக்கோயேன். அந்தக் கரண்டுக்குக் காசே இல்ல” என்றார் சித்தப்பா. விவசாயத்துக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தில் கார் ஓட்டினால் கனெக்‌ஷனையே பிடுங்கிவிடுவார்கள் சித்தப்பா என்றேன். “பச்சை பிளேட்டு போட்டிருக்கியே, அதுவும் விவசாயந்தான்னு சொல்லிக்கலாம்” என்று சிரித்தார். பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு வீட்டின் வடக்குப் பக்கம் போனார். சுவரோரம் சிமென்ட் மூடி போட்ட ஒரு குழி. மூடியைப் புரட்டினால் வறண்ட மண், அதன் நடுவில் துருவேறிய குழாய். வீடு கட்டும்போது உப்பும் கரியும் போட்டுப் புதைத்தது. அதற்குப் பிறகு யாரும் திறந்து பார்க்கவில்லை. இரண்டு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். மண் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. இன்னொரு வாளி. திரும்பி வந்து மாட்டினேன். விளக்கு பச்சை.

ஈரமான மண்தான் மின்சாரத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும். பங்குனி, சித்திரையில் எர்த் குழி காய்ந்துபோனால் சார்ஜர் மறுக்கும். விற்பனைக்கூடத்தில் யாரும் சொல்லாத விஷயம் இது. காலையில் எழுந்தபோது நூறு சதவீதம். சித்தி தான் பாதி ராத்திரி இருமுறை எழுந்து வந்து பிளக்கைத் தொட்டுச் சூடாக இருக்கிறதா என்று பார்த்ததாகச் சொன்னாள். அது சரியான பழக்கம். பிளக் சூடேறினால் உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

சேலம், சங்ககிரி, பவானி, பெருந்துறை வழியில் சொல்ல ஒன்றுமில்லை. சாலை நன்று, சார்ஜர்கள் நிறைய, அவிநாசிக்குச் சற்று முன்னால் ஒன்றில் மதியச் சாப்பாட்டோடு 85 வரை ஏற்றிக்கொண்டோம். அங்கே யூனிட் விலை வரியோடு சேர்த்து 25 ரூபாய்க்குக் கிட்ட. பொதுச் சார்ஜிங்குக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். மின்சாரக் காருக்கே 5 சதவீதம்தான் வரி என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. அந்த விலையில் நெடுஞ்சாலையில் ஓட்டினால் கிலோமீட்டருக்கு நான்கு ரூபாய் நெருங்கிவிடும். டீசலைவிடக் குறைவுதான், ஆனால் தம்பட்டம் அடிக்கும் அளவுக்கு இல்லை. லாபமெல்லாம் வீட்டு பிளக்கில்.

மேட்டுப்பாளையத்தில் 74 சதவீதம். கல்லாறு சோதனைச் சாவடியில் இ-பாஸ் பார்த்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது இல்லாமல் போக முடியாது. இனி மலை. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 330 மீட்டர் போல, ஊட்டி 2,240. இந்த 1,900 மீட்டரை ஏற என்ன செலவாகும் என்று பால் நோட்டில் முன்பே போட்டுவைத்திருந்தோம். வண்டி ஒன்றரை டன், ஆட்களும் பெட்டிகளும் சேர்த்தால் 1,850 கிலோ. இதை 1,900 மீட்டர் தூக்க மட்டும் ஒன்பதரை யூனிட். ஐம்பது கிலோமீட்டர் உருள்வதற்கும் வழியில் வீணாவதற்கும் ஆறேழு. ஆக 16 யூனிட், பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்.

கணக்கு தெரிந்தும் பயம் விடவில்லை. பர்லியார் வருவதற்குள், ‘இன்னும் போகக்கூடிய தூரம்’ என்று வண்டி காட்டும் எண் ஐந்து நிமிடத்துக்கொருமுறை பத்து, பத்தாகச் சரிகிறது. இப்போது குடிக்கிற வேகத்திலேயே கடைசிவரை குடிக்கப்போகிறோம் என்று நினைத்து அது போடும் கணக்கு அது. மலையில் அந்த எண்ணைப் பார்க்கக் கூடாது, சதவீதத்தை மட்டும் பார்க்க வேண்டும். அதைத் தவிர்த்தால் மலையேற்றத்துக்கு இதைப்போல வண்டி கிடையாது. கொண்டை ஊசி வளைவில் கியர் குறைத்து உறுமித் திணற வேண்டியதில்லை. மிதித்ததும் முழு இழுவை. முன்னால் போன பேருந்து கக்கிய புகையில்தான் எங்களுக்கு டீசல் வாசனை வந்தது. ஊட்டியில் நிறுத்தியபோது 38 சதவீதம்.

விடுதியில் பார்க்கிங்குக்குப் பக்கத்தில் 16 ஆம்பியர் பாயின்ட் உண்டு என்று போனில் சொல்லியிருந்தார்கள். உண்டுதான், துணி துவைக்கும் அறைக்குள். ஜன்னல் வழியாக ஒயரை வெளியே எடுக்க வேண்டும். மேலாளர் முதலில் தயங்கினார், பிறகு ராத்திரிக்கு 400 ரூபாய் என்றார். நாங்கள் எடுத்தது இருபது யூனிட்கூட இல்லை, அவருக்கு நல்ல லாபம். எனக்கும் சம்மதம். அவரிடம் ஒன்றே ஒன்று சொல்லிவைத்தேன்: 80-இல் நிறுத்திவிடுவேன், முழுக்க ஏற்ற மாட்டேன். ஏன் சார், காசு வாங்கிட்டேனே என்றார்.

காரணம் இறங்கும்போதுதான் தெரியும். பெட்ரோல் வண்டியில் மலை இறங்கும்போது இரண்டாவது கியரில் வா என்று வளைவுக்கு வளைவு போர்டு வைத்திருக்கிறார்கள். மின்சார வண்டியில் காலை எடுத்தாலே மோட்டார் டைனமோவாக மாறி வண்டியைப் பிடித்து இழுக்கும், அந்த மின்சாரம் பேட்டரிக்குப் போகும். பேட்டரியில் இடமில்லை என்றால் இந்த இழுவை வேலை செய்யாது. பிரேக்கை மிதித்து மிதித்துத்தான் இறங்க வேண்டும். மலை உச்சியில் முழு சார்ஜ் போடுவது பணத்தைக் கொடுத்துப் பாதுகாப்பைக் குறைத்துக்கொள்வது. நாங்கள் 80-இல் கிளம்பி, கோத்தகிரி வழியாக இறங்கி, மேட்டுப்பாளையம் வந்தபோது 87. அறுபது கிலோமீட்டர் போல ஓடியும் மூன்று யூனிட் கூடுதல். பிரேக்கைத் தொட்டது மாடு குறுக்கே வந்தபோதும் வேன் ஒன்று எதிரில் தவறாக முந்தியபோதும்தான். வழியில் ஓரம் கட்டி நின்ற வண்டிகளின் சக்கரத்திலிருந்து பிரேக் தீய்ந்த நாற்றம் வந்துகொண்டிருந்தது.

உயரத்திலிருந்து கனம் இறங்கினால் மின்சாரம் வரும் என்பதை இந்த மலை எப்போதோ செய்துகாட்டிவிட்டது. ஊட்டியில் இருந்த நாளில் பைக்காராவுக்குப் போயிருந்தோம். எல்லோரும் படகுக்கும் அருவிக்கும் போகிறார்கள். அந்த ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கீழே சிங்காராவுக்கு இறக்கி 1932-இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். அந்த மின்சாரம் கோயம்புத்தூருக்குப் போனபிறகுதான் அங்கே பஞ்சாலைகள் பெருகின. மலையில் எங்கள் வண்டியில் ஏறியது எந்த மின்சாரம் என்று சொல்ல முடியாது. எல்லாம் ஒரே கம்பியில் கலந்துதான் வருகிறது, அணையும் காற்றாலையும் நிலக்கரியும். வண்டிக்குப் புகைக்குழாய் இல்லை என்பதற்காகப் புகையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். உளுந்தூர்பேட்டையிலிருந்து கிழக்கே போனால் நெய்வேலி. அங்கே 1962-இலிருந்து பழுப்பு நிலக்கரியை எரிக்கிறார்கள்.

அப்படியானால் வாங்கலாமா என்று ஊரிலிருந்து போன் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இது. சொந்தப் பார்க்கிங்கும், அதில் உங்கள் மீட்டரிலிருந்து வரும் 16 ஆம்பியர் பாயின்ட்டும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகிறவருக்குச் செலவு நான்கில் ஒரு பங்காகிவிடும். தெருவில் வண்டி நிறுத்துகிறவர்கள், பொதுச் சார்ஜரை மட்டும் நம்பி இருக்க வேண்டியவர்கள் இப்போதைக்குப் பொறுத்திருங்கள். வண்டிகள் தயார், அந்த மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இன்னும் தயாராகவில்லை. வெளியூர் போகும்போது மலிவு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜரை மாட்டவே மாட்டாதீர்கள். விடுதியில் அறை பதிவு செய்கிறபோது, பார்க்கிங் பக்கத்தில் பெரிய பிளக் இருக்கிறதா, அதற்கு எர்த் இருக்கிறதா என்று கேட்டு, போட்டோ ஒன்று வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்ட பிறகு முன்பணம் கட்டுங்கள்.